மூன்று வேலை, ஒரு பட்டம்: பெருமையா, கொடுமையா?

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். காலையில் பேப்பர் போட்டு, பகலில் கடையில் நின்று, இரவில் பார்சல் சுமந்து, இத்தனைக்கும் நடுவில் பி.காம். தேறிய பிள்ளையின் செய்தி. "உழைப்பால் உயர்ந்தார்" என்று தலைப்புப் போடுவார்கள். நம் சங்கங்களும் அந்தப் பிள்ளையை மேடையேற்றிச் சால்வை போர்த்தும். போர்த்தட்டும், அந்த மரியாதை அந்தப் பிள்ளைக்கு உரியதுதான்.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் நாம் கைதட்டக் கூடாது. அதே தெருவில், அதே ஆண்டில், அதே கல்லூரியில் சேர்ந்து, அதே மூன்று வேலைகளைப் பார்த்து, இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோன பிள்ளைகள் எங்கே? அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஊரில் கே.டி. என்றால் போக்கிரி என்று பொருள். இந்த மும்பையில் கே.டி. என்றால் ஒரு பாடத்தில் தோற்று, அதைச் சுமந்துகொண்டே அடுத்த ஆண்டுக்குப் போகிறவன். நம் பிள்ளைகள் இரண்டு கே.டி., மூன்று கே.டி. என்று சுமந்து, கடைசியில் ஹால் டிக்கெட் வாங்கப் போகாமலே நின்றுவிடுகிறார்கள். "படிப்பு ஏறவில்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளைகளும் அதையே நம்பிவிடுகிறார்கள். இதுதான் நம்மைச் சுடுகிறது. படிப்பு ஏறாமல் போகவில்லை. படிப்பதற்கு நேரம் இல்லாமல் போயிற்று.

ஒரு நாளின் ரோஸ்டர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டூட்டி ரோஸ்டரோடு பழகிய ரயில்வேக்காரர்கள் நாம். மணிக்கணக்கில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

தாராவியிலோ ஆண்டாப்ஹில்லிலோ இருக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை 4.30 முதல் 6.30 வரை பேப்பர் லைன். 7 முதல் 11.30 வரை கல்லூரி. பகல் 1 முதல் 6 வரை ஜெராக்ஸ் கடை. இரவு 7 முதல் 11 வரை பார்சல் டெலிவரி. ஆக வேலை மட்டும் 11 மணி நேரம். வகுப்பு நாலரை மணி நேரம். இடையில் ரயிலிலும் பஸ்ஸிலும் நடையிலும் கழிவது 3 மணி நேரம். மொத்தம் பதினெட்டரை. மிச்சம் இருப்பது ஐந்தரை மணி நேரம். இந்த ஐந்தரைக்குள்தான் தூக்கம், குளியல், சாப்பாடு, பொதுக் கக்கூஸ் வரிசை எல்லாம். இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில் படிப்பு. என்ன மிஞ்சும்?

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்கு என்று கேட்டுத்தான் உலகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1886-இல் சிகாகோவில் எழுந்த கோரிக்கை அது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடியதும் அந்த நினைவில்தான். 1974 மே 8-ஆம் தேதி தொடங்கி 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்திலும் வேலை நேரம் ஒரு முக்கியக் கோரிக்கை. "எட்டு மணி நமக்கு" என்று கேட்டார்களே, அந்த எட்டு மணி எதற்கு? சும்மா திண்ணையில் சாய்ந்திருக்கவா? படிக்கவும் சிந்திக்கவும் மனிதனாக இருக்கவும்தான். அந்த எட்டு மணியைத்தான் நம் மாணவரிடமிருந்து பறித்திருக்கிறார்கள்.

"நாங்கள் படிக்கவில்லையா?"

நம்மில் மூத்தவர்கள் சிலர் உடனே கேட்பார்கள்: "அந்தக் காலத்தில் நாங்கள் வேலை பார்த்துக்கொண்டே படிக்கவில்லையா? தெருவிளக்கில் படித்துப் பாஸ் பண்ணவில்லையா?" படித்தீர்கள் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் எப்படிப்பட்ட வேலை பார்த்துப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்று மில்லில் ஷிப்டு இருந்தது. முதல் ஷிப்டு போனால் சாயங்காலம் உங்களுடையது. டைப்பும் ஷார்ட்ஹாண்டும் தெரிந்து ஆபீசில் சேர்ந்தவருக்கு மாலை ஆறு மணிக்குமேல் முதலாளி இல்லை. ஒரே வேலை, தெரிந்த நேரம், மாதம் பிறந்தால் சம்பளம். அதை நம்பி இரவுப் பள்ளிக்கும் இரவுக் கல்லூரிக்கும் போக முடிந்தது. 1982-இல் மில் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சங்கு ஊதிய இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. மில்லோடு போனது வேலை மட்டுமல்ல, ஷிப்டும் போயிற்று. இன்று ஒரு வேலையின் கூலி பத்தாது, இரண்டாவது வேலை. அதுவும் நிச்சயமில்லை, மூன்றாவது வேலை. மூன்று முதலாளிகளில் ஒருவருக்கும் இந்தப் பிள்ளை கல்லூரி மாணவன் என்ற கவலை இல்லை.

தெருவிளக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. விளக்கின் கீழே உட்கார நேரம் இருந்ததா என்பதுதான் பேச்சு.

1946 சொல்லும் பாடம்

உழைக்கிறவன் படிக்க வேண்டும் என்று இந்த மராட்டிய மண்ணில் நினைத்தவர்கள் வெறும் அறிவுரை சொல்லிவிட்டுப் போகவில்லை. நேரத்தை மாற்றினார்கள், வயிற்றுக்கு வழி செய்தார்கள்.

ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855-இல் உழவர்களுக்கும் கூலிகளுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். 1919-இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கிய கர்மவீர் பாவுராவ் பாட்டீல், உழைத்துக்கொண்டே படிக்கும் முறையை உருவாக்கினார். அங்கே வேலையைக் கொடுத்ததும் கல்வி நிலையமே. அதனால் வகுப்பு நேரத்தைத் தின்னாத வேலையாக அது இருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு நடப்பது நேர் தலைகீழ். வேலை போக மிஞ்சிய நேரத்தில் வகுப்பு.

அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பாருங்கள். மாதம் 25 ரூபாய் பரோடா மன்னரின் உதவித்தொகை வந்ததால்தான் பரேல் சாலில் இருந்த அந்த மாணவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடிக்க முடிந்தது. பிறகு அவர் அதிகாரத்தில் அமர்ந்தபோது என்ன செய்தார்? வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்பு அவரிடம் இருந்த காலத்தில், 1946-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வார வேலை நேரம் 54-லிருந்து 48 மணியாகக் குறைந்தது. அதே 1946-இல் அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகம் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை நேர வகுப்புகள் நடந்தன. ஒரு கையால் வேலை நேரத்தைக் குறைத்தார். மறு கையால் கல்லூரிக் கதவை வேலைக்காரனுக்கு ஏற்ற நேரத்தில் திறந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் பட்டம். ஒன்றை மட்டும் செய்துவிட்டு, மற்றதை "உன் திறமை" என்று மாணவன் தலையில் கட்டுவது மோசடி.

தேதிகளால் கட்டிய மதில்

நம் பிள்ளைகள் ஏன் மூன்று வேலை பார்க்கிறார்கள்? ஏழைகள் என்பதால் மட்டுமா? இதே மும்பையில் உள்ள மற்ற ஏழை மாணவருக்குச் சர்க்கார் உதவித்தொகை இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை?

இங்கேதான் புலம்பெயர்ந்தவனின் தனித் துயரம் வருகிறது. மகாராஷ்டிரத்தில் ஒருவர் பட்டியல் சாதிச் சலுகை பெற வேண்டுமானால், அவருடைய குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 1967 அக்டோபர் 13. பாட்டன் 1955-இல் நெல்லையிலிருந்து ரயிலேறி வந்து தாராவித் தோல் ஷாப்பில் தோல் பதனிட்டிருந்தால், அந்த ஐந்தாண்டுத் தாமதத்துக்குப் பேரன் தண்டனை அனுபவிக்கிறான்.

இது ஏதோ ஒரு தாசில் குமாஸ்தாவின் விஷமம் அல்ல. ஆந்திரத்திலிருந்து மும்பைக்குக் குடிவந்த ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியார் குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 1994-இலும் 2018-இலும் வந்த தீர்ப்புகள் அதையே உறுதி செய்தன. மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையோ, மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம் தர வேண்டும் என்பது விதி.

அப்படியானால் நாம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்கள்? மகாராஷ்டிரம் சொல்கிறது: "1950-இல் நீ இல்லை." தமிழ்நாடு சொல்கிறது: "இப்போது நீ இல்லை." 2022-இல் தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தபோது இங்கே நம் வீடுகளிலும் மகிழ்ந்தார்கள். விதியைப் படித்த பிறகுதான் தெரிந்தது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும் என்று. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ எழுதிய நம் பெண் அந்தக் கணக்கில் தமிழச்சி இல்லை.

வீட்டுக்கும் இதே கதைதான். தாராவி சீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்கே அங்கேயே இலவச வீடு. மற்றவர்கள் தூரத்துக்குப் போக வேண்டும். தூரத்துக்குப் போனால் விடியற்காலைப் பேப்பர் லைன் போகும், ஜெராக்ஸ் கடை போகும், ஏழு மணி வகுப்பும் போகும். 1950, 1967, 2000 என்று தேதிகளாலேயே நம்மைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மதிலை ஏறிக் குதிப்பதற்காக நம் பிள்ளை மூன்று வேலை பார்க்கிறான்.

கல்லூரியின் கண்டிப்பும் கம்பெனியின் தாராளமும்

கல்லூரியில் 75 விழுக்காடு வருகை வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் டிஃபால்ட்டர் பட்டியலில் பெயர் ஒட்டுவார்கள். ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் ஊர்சுற்றி வகுப்புக்கு வராதவனும், இரவெல்லாம் பார்சல் சுமந்து கண்ணயர்ந்துவிட்டவனும் ஒரே பட்டியலிலா? 2017-இன் மகாராஷ்டிரச் சட்டம் கடைகளை இரவும் பகலும் திறந்துவைக்க அனுமதிக்கிறது. வாங்குகிறவனுக்காக நகரம் 24 மணி நேரமும் விழித்திருக்கலாமாம்; படிக்கிறவனுக்காகக் கல்லூரி இரவு ஒன்பது வரை விழித்திருக்கக் கூடாதாம்!

2020-இன் புதிய கல்விக் கொள்கை பட்டப்படிப்பை நான்காண்டு வரை நீட்டியது. ஓராண்டில் நின்றால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம் என்றது. வெளியே போகும் வாசல்கள் இத்தனை! பணக்காரப் பிள்ளை அந்த வாசலைத் திரும்பியும் பார்க்க மாட்டான். ஏழைப் பிள்ளையைத்தான் குடும்பம் பிடரியைப் பிடித்துத் தள்ளும்: "ஒரு வருஷத்துச் சர்டிபிகேட் போதும்டா, வேலைக்குப் போ" என்று. ஆயினும் அந்த ஏற்பாட்டில் நமக்குப் பயன்படும் ஒன்றும் உண்டு. நின்றவர் மூன்றாண்டுக்குள் திரும்ப வந்து சேரலாம். ஏழாண்டுக்குள் படிப்பை முடிக்கலாம் என்கிறது யூ.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டுத் திட்டம். இடையில் நின்ற நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரி ஆபீசில் வலியச் சொல்வார்களா?

கம்பெனிக்காரர்களின் தாராளத்தையும் பார்ப்போம். "உனக்கு வசதியான நேரத்தில் வேலை செய், நீயே உனக்கு முதலாளி" என்கிறார்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் செயலியை மூடிவைத்துப் பாருங்கள். போனஸ் போகும், நல்ல நேரத்து ஆர்டர் போகும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பிள்ளைகளுக்கு "கிக் தொழிலாளி" என்று ஒரு பெயர் சூட்டியிருக்கின்றன. அவர்களுடைய நல நிதிக்குக் கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 விழுக்காடு வரை கட்ட வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் எட்டு மணி நேரமும், குறைந்தபட்சக் கூலியும், சம்பளத்தோடு விடுப்பும் இந்தப் பெயருக்குள் இல்லை. பெயர் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை.

பெண்ணின் நான்காவது வேலை

பையனுக்கு மூன்று வேலை என்றால் பெண்ணுக்கு நான்கு. தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து பிடித்து நிறைப்பது, இட்லிக்கு அரைத்து ஊற்றுவது, தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. இதெல்லாம் "வீட்டு வேலை"; கணக்கில் வராது. அதற்குமேல் டியூஷன், கடை, பில்டிங்குகளில் சமையல் வேலை. இத்தனையும் செய்து கல்லூரிக்குப் போகிறவள் ஒரு கே.டி. வாங்கினால், பையனுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்புக்கூட அவளுக்கு இல்லை. ஊரில் மாப்பிள்ளை தயாராக இருக்கிறான்! பெற்றோரே, சர்க்காரைக் கேட்கும் முன் இந்தக் கேள்வியை நம் வீட்டுக்குள் கேட்போம். பரீட்சை மாதத்தில் தண்ணீர்க் குடத்தைப் பையன் தூக்கினால் குடி முழுகிவிடாது.

பட்டம் எதற்கு?

"பட்டம் வாங்கியவனே வேலையில்லாமல் இருக்கிறான், இத்தனை பாடு எதற்கு?" என்பார் சிலர். ரயில்வே ஆட்சேர்ப்பு விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். இளநிலை எழுத்தர் வேலைக்கு 12-ஆம் வகுப்பு போதும். நிலைய மேலாளருக்கும் சரக்கு வண்டி மேலாளருக்கும் பட்டம் வேண்டும். ஒரே தேர்வு வாரியம், ஒரே ரயில்வே. நடுவில் அந்த ஒரு காகிதம். அந்தக் காகிதம் இல்லாமல் மெட்ரிக்கோடு நின்ற நம்மைப் போன்றவர்களுக்கு அதன் எடை நன்றாகத் தெரியும். காகிதம் இல்லாதவன் அறிவில்லாதவன் அல்ல; ஆனால் கதவு காகிதத்துக்குத்தான் திறக்கிறது.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

நம் கோரிக்கைகள் இவை. அரசு உதவி பெறும் கல்லூரிகள் உழைப்பவர் வாழும் வட்டாரங்களில் மாலை நேரப் பட்ட வகுப்புகளைத் திறக்க வேண்டும். வேலை பார்ப்பதற்குச் சான்று தரும் மாணவருக்கு வருகை விதியில் தளர்வு வேண்டும். தேர்வு நாட்களில் எந்த முதலாளியும், எந்தச் செயலிக் கம்பெனியும் மாணவரின் வரவை வெட்டக் கூடாது. மாணவர் சீசன் டிக்கெட் வீட்டு நிலையத்துக்கும் கல்லூரி நிலையத்துக்கும் இடையில் மட்டும் செல்லும். கல்லூரியிலிருந்து வேலைக்குப் போகிறவர் வேறு டிக்கெட் வாங்குகிறார். அந்த மூன்றாவது நிலையத்தையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, இங்கே பிறந்து இங்கே படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை தருவது யார் என்று முடிவு செய்ய வேண்டும். அயலகத் தமிழருக்கு நல வாரியம் அமைத்த தமிழ்நாடு, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நீட்டும் கையைத் தாராவிக்கும் நீட்டட்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கை கட்டி இருப்பதா? கூடாது. நம் சங்கக் கிளைகள் இன்றே செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, காகிதம். பாட்டனின் பள்ளிச் சான்றிதழ், மில் அல்லது ரயில்வே சர்வீஸ் பதிவு, பழைய வாடகை ரசீது, மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவேடு என்று 1950-க்கு முந்தைய சான்று எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேடிக் கொடுப்போம். சான்று கிடைக்காதவர்கள், தந்தையின் ஊர்ச் சாதிச் சான்றிதழைக் காட்டிக் குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழ் வாங்கலாம். மாநிலச் சலுகைக்கு அது உதவாது. ரயில்வே முதலான மத்திய அரசு வேலைகளுக்கு உதவும்.

இரண்டாவது, இடம். சங்க அறையை இரவு பன்னிரண்டு வரை படிப்பறையாகத் திறந்துவைப்போம். கேரம் போர்டு பரீட்சை மாதத்தில் சுவரோரம் சாய்ந்து நிற்கட்டும்.

மூன்றாவது, நேரம். இதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 200 உறுப்பினர் மாதம் 50 ரூபாய் போட்டால் 10,000 ரூபாய்; பத்து மாதத்தில் ஒரு லட்சம். அதிலிருந்து தேர்வு மாதத்தில் 20 மாணவருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்து, "இந்த மாதம் ஒரு வேலையை விட்டுவிடு, உட்கார்ந்து படி" என்று சொல்ல முடியும். சால்வைக்கும் மாலைக்கும் ஆகும் செலவைவிட இது பெரிதல்ல. சால்வை தேறியவனுக்கு, இந்த 5,000 தேறாமல் போக இருந்தவனுக்கு.

நான்காவது, தேடல். படிப்பை விட்டு நின்ற தம்பிகளையும் தங்கைகளையும் தெருத் தெருவாகக் கணக்கெடுப்போம். ஏழாண்டு முடியாதவர்களைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப் போவோம். அப்படி முடியாதவர்களுக்கு 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1989-இல் நாசிக்கில் தோன்றிய யஷ்வந்த்ராவ் சவான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். விண்ணப்பம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைப்பதுதான் சங்கத்தின் வேலை.

தோழர்களே, உழைப்பை நாம் இகழவில்லை. உழைப்பால் வாழும் கூட்டம் நாம். ஆனால் ஒரு பிள்ளை மூன்று வேலை பார்த்துப் பட்டம் வாங்குவது அவனுக்குப் பெருமை. அப்படித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் இழிவு. அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அதற்குள் ஒவ்வொரு கிளையும் படிப்பறை, தேர்வு நிதி, நின்றவர் கணக்கு ஆகிய மூன்றையும் தொடங்கிவிட்டோம் என்று தலைமைக்கு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.